டார்கெட் ஆபீஸில்... விபத்து ரோட்டில்! பொறுப்பு யாருக்கு? நிறுவனங்களுக்குச் சட்டம் சொல்வது என்ன?

2003 ஏப்ரல் 22. மகாராஷ்டிராவில் ஒரு சர்க்கரை ஆலையின் காவலாளி, அதிகாலை 3 மணி டியூட்டிக்காக பைக்கில் கிளம்பினார். ஆலைக்கு இன்னும் 5 கி.மீ. இருக்கும்போது விபத்து. அங்கேயே உயிர் போனது.

தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர், குடும்பத்துக்கு 3.26 லட்சம் ரூபாயும் வட்டியும் கொடுக்கச் சொன்னார். “அவர் வேலைக்கே வந்து சேரவில்லையே, இது எப்படிப் பணியிட விபத்து?” என்று எதிர்த்தரப்பு கேட்டது. உயர் நீதிமன்றமும் அதை ஏற்று இழப்பீட்டை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஜூலை 29 அன்று தீர்ப்பு வந்தது. விபத்து நடந்த நேரம், இடம், சூழ்நிலைக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால், வேலைக்கு வரும் வழியிலும் வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து பணி சார்ந்த விபத்துதான் என்றது நீதிமன்றம். இழப்பீடு மீண்டும் கிடைத்தது. ஆனால், 22 வருஷம் கழித்து.

இது விபத்துக்குப் பிறகான கதை. விபத்துக்கு முன்னால் நிறுவனத்துக்கு என்ன பொறுப்பு? ஷிஃப்ட் போடுபவர், டார்கெட் வைப்பவர், கேப் ஏற்பாடு செய்பவர், “இன்னைக்குள்ள முடிச்சிட்டு வாங்க” என்று போனில் சொல்பவர் ஆகியோருக்குச் சட்டத்தில் என்ன இடம்? பலரும் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது.

எதெல்லாம் ‘வேலைக்கான பயணம்’?

லாரி, பஸ் ஓட்டுவது மட்டும்தான் வாகனம் ஓட்டும் வேலை என்று நினைக்கிறோம். உண்மையில் பட்டியல் ரொம்ப நீளம். மெடிக்கல் ரெப், கடை கடையாக ஆர்டர் எடுக்கும் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ், ஏ.சி. சர்வீஸ் டெக்னீஷியன், பிராட்பேண்ட் இணைப்பு கொடுப்பவர், கடன் தவணை வசூலிக்கும் ஃபீல்டு ஊழியர், உணவு டெலிவரி செய்பவர், ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிக்கு நைட் ஷிஃப்ட் கேப் ஓட்டுபவர் என எல்லாருமே வேலைக்காக ரோட்டில் இருப்பவர்கள். இவர்களில் பலருடைய அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் ‘டிரைவர்’ என்ற வார்த்தையே இருக்காது.

அதனால்தான் இந்த ரிஸ்க் யார் கண்ணிலும் படுவதில்லை. தொழிற்சாலையில் ஒரு மெஷினில் கை சிக்கினால் விசாரணை, பாதுகாப்பு அதிகாரி, அறிக்கை எல்லாம் உண்டு. அதே கம்பெனியின் சேல்ஸ் ஊழியர் பைபாஸில் அடிபட்டால், அது போக்குவரத்து போலீஸ் பார்க்கும் விஷயம் ஆகிவிடுகிறது.

எண்கள் சொல்வது என்ன?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, அந்த ஒரே ஆண்டில் நாடு முழுக்க சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். நாடு முழுக்க இறந்தவர்களில் சுமார் 44 சதவீதம் பேர் டூ வீலரில் சென்றவர்கள். சுமார் 71 சதவீத மரணங்களுக்குக் காரணமாகப் பதிவானது ‘அதிவேகம்’.

இறந்தவர்களில் எத்தனை பேர் வேலை நிமித்தமாகப் போய்க்கொண்டிருந்தார்கள் என்ற தனிக்கணக்கு அந்த அறிக்கையில் இல்லை. காரணம் என்ற கட்டத்தில் ‘அதிவேகம்’ என்று எழுத இடம் இருக்கிறது. அந்த வேகத்துக்குப் பின்னால் ஒரு டெட்லைன் இருந்ததா என்று எழுத இடம் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தில் முதலாளிக்கு என்ன வேலை?

‘மோட்டார் வாகனச் சட்டம் என்றால் ஓட்டுபவருக்கு ஃபைன் போடும் சட்டம்’ என்பதுதான் பொதுவான எண்ணம். 1988-ம் ஆண்டின் அந்தச் சட்டத்தில், ஓட்டுபவரைத் தாண்டி, ‘ஓட்ட வைப்பவர்’, ‘ஓட்ட அனுமதிப்பவர்’ என்ற வார்த்தைகள் பல இடங்களில் வருகின்றன.

* லைசென்ஸ்: முறையான லைசென்ஸ் இல்லாதவரை, தகுதி வயது வராதவரை ஓட்ட அனுமதிக்கக் கூடாது என்பது வாகன உரிமையாளரின் கடமை (பிரிவு 5). மீறினால் 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் (பிரிவு 180).

* ஓவர்லோடு: அளவுக்கு மேல் பாரம் ஏற்றி ஓட்டுபவருக்கும், ஓட்ட வைப்பவருக்கும் 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி (பிரிவு 194).

* வேகம்: தன்னிடம் வேலை செய்பவரையோ, தன் கட்டுப்பாட்டில் இருப்பவரையோ வேக வரம்பை மீறி ஓட்ட வைத்தால், ஓட்ட வைத்தவருக்கும் தண்டனை (பிரிவு 183). இலகு ரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய். நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய்.

* தூண்டுதல்: ஆபத்தாக ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, உடல் அல்லது மனநிலை சரியில்லாதபோது ஓட்டுவது ஆகிய குற்றங்களுக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை (பிரிவு 188).

* நிறுவனம்: குற்றம் செய்தது ஒரு கம்பெனி என்றால், அதன் செயல்பாட்டுக்குப் பொறுப்பில் இருந்தவரும் குற்றவாளியாகக் கருதப்படுவார் (பிரிவு 199). தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க எல்லா முயற்சியும் எடுத்தேன் என்றோ அவர் நிரூபித்தால் தப்பலாம்.

கடைசி வரி முக்கியம். ‘முயற்சி எடுத்தேன்’ என்று காட்ட, கம்பெனியிடம் ஏதாவது இருக்க வேண்டும். விதிமுறை, பயிற்சிப் பதிவு, லைசென்ஸ் சரிபார்த்த தேதி, டிரைவரின் வேலை நேரக் கணக்கு... எதுவுமே இல்லாத இடத்தில் வாய்வார்த்தை மட்டும்தான் மிஞ்சும்.

பலருக்கும் தெரியாத ஒரு பிரிவு

பிரிவு 183-க்குள்ளேயே இன்னொரு உட்பிரிவு இருக்கிறது. ஒரு பயணத்தை இத்தனை நேரத்தில் முடிக்க வேண்டும் என்று யாராவது கால அட்டவணை வெளியிட்டாலோ, உத்தரவு கொடுத்தாலோ, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்தில் முடிக்க நடைமுறையில் வாய்ப்பே இல்லை என்று நீதிமன்றம் கருதினால், அந்த அட்டவணையே, அந்த உத்தரவே, அதைக் கொடுத்தவர் குற்றம் செய்தார் என்பதற்கு முதல்நிலை ஆதாரம் ஆகும்.

அதாவது, “ஸ்பீடா போன்னு நான் சொல்லவே இல்லையே” என்று மேனேஜர் கையை விரித்தால் போதாது. அவர் கொடுத்த நேரமே அவருக்கு எதிராகப் பேசும். ஸ்மார்ட்போன், டெலிவரி ஆப் எதுவும் இல்லாத காலத்தில் எழுதிய விதி இது.

இதை இன்றைய வேலைகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

உதாரணம் 1: ஒரு சேல்ஸ் மேனேஜருக்குக் காலையில் சென்னையில் ரிவ்யூ மீட்டிங். முடியும்போது 10.30. பகல் 12 மணிக்கு விழுப்புரத்தில் டீலரைப் பார்க்க வேண்டும். தூரம் சுமார் 160 கி.மீ. ஒன்றரை மணி நேரத்தில் போக வேண்டுமென்றால், சராசரி வேகம் மணிக்கு சுமார் 107 கி.மீ. டோல்கேட்டில் நிற்பது, டீ குடிப்பது எதுவும் இதில் சேரவில்லை. நான்கு வழிச்சாலையிலும்கூட கார்களுக்கு இது வரம்பைத் தாண்டிய வேகம்.

உதாரணம் 2: 10 நிமிட டெலிவரி. பொருளை எடுத்து பேக் செய்ய 4 நிமிடம் போனால், மீதி 6 நிமிடம். வீடு 2 கி.மீ. தூரத்தில் இருந்தால் சராசரி 20 கி.மீ. வேகம் போதும். ‘எங்கள் கிடங்குகள் பக்கத்திலேயே இருக்கின்றன, அவசரமாக ஓட்டத் தேவையில்லை’ என்று நிறுவனங்கள் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆனால், வீடு 3 கி.மீ. தள்ளி இருந்தால் சராசரியே 30 ஆகிவிடும். சிக்னலிலும் யூ-டர்னிலும் 2 நிமிடம் போனால், மீதி 4 நிமிடத்தில் அதே தூரத்தைக் கடக்க 45-ல் போக வேண்டும். சென்னையில் குடியிருப்புப் பகுதிகளுக்கு 2023-ல் போலீஸ் நிர்ணயித்த வரம்பு 30 கி.மீ. மழை பெய்தால், அபார்ட்மென்ட் கேட்டில் என்ட்ரி போட வைத்தால் கணக்கு இன்னும் மோசமாகும்.

ஆக, நேர வாக்குறுதி கொடுக்கும் நிறுவனம் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விதிகளை மதித்து ஓட்டும் ஒருவரால் இதை முடிக்க முடியுமா?

டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டலாம்?

சரக்கு லாரி, பஸ், வாடகை கேப் போன்ற போக்குவரத்து வாகனங்களை ஓட்டுபவர்களின் வேலை நேரம், மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-ன்படி இருக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 91. அந்த 1961 சட்டம் வகுத்த அளவுகோல் இது:

* ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நீண்ட தூர வழித்தடங்கள், பண்டிகைக் காலம் போன்ற சூழலில் மட்டும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 வரை.
* தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. நடுவில் குறைந்தது அரை மணி நேர ஓய்வு.
* ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்க, இடையில் குறைந்தது 9 மணி நேரம்.
* வாரத்தில் ஒரு நாள் விடுமுறை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், ‘வேலை நேரம்’ என்றால் ஸ்டீயரிங் பிடித்திருக்கும் நேரம் மட்டும் இல்லை. லோடு ஏற்றி இறக்குவது, வண்டியை எடுத்து வருவது, திரும்பக் கொண்டுபோய் நிறுத்துவது, பராமரிப்பு, கணக்கு ஒப்படைப்பது எல்லாமே சேரும். ‘டிரிப்புக்கு நடுவுல சும்மாதானே இருந்தார்’ என்று எல்லாவற்றையும் கழித்துவிட முடியாது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. 1961 சட்டமும் அதில் அடக்கம். 8 மணி நேர வரம்பு புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. பணியிடத்தை ஆபத்து இல்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்றும் அது சொல்கிறது.

விதி இருக்கிறது, நடைமுறை? சாலைப் பாதுகாப்பு தொடர்பாகக் கோவையைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடர்ந்த வழக்கு, உச்ச நீதிமன்றத்தில் இன்றும் பல உத்தரவுகளுக்குக் காரணமாக இருக்கிறது. டிரைவர்களின் வேலை நேர விதிகளை அமல்படுத்துவது பற்றி மாநிலங்களுடன் பேசும்படி மத்திய அமைச்சகத்துக்கு 2025-ல் நீதிமன்றம் சொன்னதும் இந்த வழக்கில்தான்.

தூக்கத்துக்கு ஊதிப் பார்க்கும் மெஷின் இல்லை

இந்தியாவில் 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் அது குடிபோதையில் ஓட்டிய குற்றம். அதாவது 0.03 சதவீதம். 1997-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு, தொடர்ந்து 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் செயல்திறன், 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று காட்டியது. 24 மணி நேரம் தூங்காவிட்டால் அது சுமார் 0.10 சதவீதத்துக்குச் சமம்.

காலை 6 மணிக்கு எழுந்து, பகல் முழுக்க ஒரு கம்பெனிக்கு ட்ரிப் அடித்து, இரவு 11 மணிக்கு இன்னொரு கம்பெனியின் பிக்-அப்புக்கு வரும் கேப் டிரைவர் 17 மணி நேரத்தைத் தொட்டுவிட்டார். குடித்திருந்தால் செக் போஸ்ட்டில் தெரிந்துவிடும். தூக்கக் கலக்கம் அந்தக் கருவியில் தெரியாது. அதைத் தடுக்க முடிந்த இடம், டியூட்டி சார்ட் போடும் மேஜை ஒன்றுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் கனரக வாகன டிரைவர்கள் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு நேரம் ஓட்டினார்கள் என்பதை டேகோகிராஃப் என்ற கருவி வண்டியிலேயே பதிவு செய்யும். இங்கே பெரிய நிறுவனங்களின் கேப்களில் ஜி.பி.எஸ். ஏற்கெனவே ஓடுகிறது. வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார்க்கும் அதே திரையில், இந்த டிரைவர் எத்தனை மணி நேரமாக ஓட்டுகிறார் என்றும் பார்க்கலாம். டேட்டா கையில் இருக்கிறது, யாரும் அதைக் கேட்பதில்லை.

‘சொந்த பைக்தானே, அது உங்க பொறுப்பு’... சரியா?

ஃபீல்டு வேலையில் பெரும்பாலும் ஊழியரின் சொந்த பைக்தான். கி.மீ. கணக்கில் பெட்ரோல் காசு கொடுத்துவிட்டால் கம்பெனியின் வேலை முடிந்தது என்ற நினைப்பு உண்டு. பைக் யாருடையது என்பதை வைத்து மட்டும் பொறுப்பு தீர்மானிக்கப்படுவதில்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது நடந்த விபத்தா என்பதுதான் இழப்பீட்டுச் சட்டம் கேட்கும் கேள்வி. ஆலைக் காவலாளி வழக்கிலும் அவர் போனது கம்பெனி வண்டியில் இல்லை.

இங்கே இன்ஷூரன்ஸில் ஒரு சிக்கல் இருக்கிறது. தனிநபர் பயன்பாட்டுக்கான பாலிசியில், வண்டியை வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவது பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். அந்த பைக்கில் டெலிவரி செய்யும்போது விபத்து நடந்தால், கிளைம் தகராறில் முடியலாம். வாகன உரிமையாளர் தானே ஓட்டும்போது இறந்தால் கிடைக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பிரீமியத்தைக் குறைக்க அதை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும், ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள ஊழியர்களுக்கு வேலைக்கு வந்து போகும் வழியில் நடக்கும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. இது 2010 முதலே உள்ள விதி. மற்ற ஊழியர்களுக்கான இழப்பீட்டிலும் இதே நிலையை 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு எழுதி வைத்திருக்கிறது.

டெலிவரி ஊழியர்களின் நிலை?

இங்கேதான் இடைவெளி பெரிது. ஆப் நிறுவனங்கள் இவர்களை ‘ஊழியர்’ என்று சொல்வதில்லை, ‘பார்ட்னர்’ என்கின்றன. அதனால் 8 மணி நேர வரம்பு, இழப்பீட்டுச் சட்டம் எல்லாம் நேராகப் பொருந்துமா என்பதிலேயே சண்டை தொடங்குகிறது.

புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இவர்களை முதல் முறையாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதத்தை இவர்களுக்கான நிதியில் செலுத்த வேண்டும். தமிழ்நாட்டில் கிக் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் 2023-ல் உருவானது. 2025-ல் சென்னை அண்ணா நகரில் மாநகராட்சி ஏ.சி. ஓய்வறை திறந்தது.

இதெல்லாம் தேவையான உதவிகள். ஆனால் இவை விபத்துக்குப் பிந்தைய பணம், டெலிவரிக்கு நடுவே கொஞ்சம் நிழல். ஒரு ஆர்டருக்கு எத்தனை நிமிடம், லேட் ஆனால் ரேட்டிங் குறையுமா, ஒரு நாளில் எத்தனை ஆர்டர் முடித்தால் இன்சென்டிவ் என்பதை முடிவு செய்வது ஆப். ‘தன்னிடம் வேலை செய்பவர்’ என்பதோடு ‘தன் கட்டுப்பாட்டில் இருப்பவர்’ என்றும் பிரிவு 183 சொல்வது, இந்த இடத்தில் யோசிக்க வேண்டிய விஷயம்.

போனையும் மறக்கக் கூடாது. 40 கி.மீ. வேகத்தில் போகும் பைக் ஒரு விநாடியில் 11 மீட்டர் நகரும். புது ஆர்டர் வந்திருக்கிறதா என்று 3 விநாடி திரையைப் பார்த்தால், 33 மீட்டர் ரோட்டைப் பார்க்காமலே கடந்தாயிற்று. வண்டி நகரும்போது ஆர்டர் வராதபடி ஆப்பை வடிவமைப்பது நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. வண்டியில் போகும் ஊழியருக்குத் திரும்பத் திரும்ப போன் அடிக்கும் டீம் லீடருக்கும் இதே கணக்கு பொருந்தும்.

பொறுப்பான நிறுவனம் என்ன செய்யும்?

பெரிய பட்ஜெட் தேவையில்லை. பத்துப் பேர் வேலை செய்யும் கம்பெனியிலும் முடியும்.

1. யாரெல்லாம் வேலைக்காக வண்டி ஓட்டுகிறார்கள் என்று முதலில் பட்டியல் எடுக்க வேண்டும். சொந்த பைக்கில் போகிறவர்களும் இதில் வர வேண்டும்.

2. லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், எஃப்.சி. ஆகியவற்றைச் சேரும்போது ஒரு முறை பார்த்தால் போதாது. காலாவதி தேதியைக் குறித்துவைத்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

3. பயணம் தேவையா என்று கேட்க வேண்டும். வீடியோ காலில் முடிகிற விஷயத்துக்கு 300 கி.மீ. ஓட்ட வைக்க வேண்டியதில்லை. ரயிலில் போகலாம் என்றால் ரயில்.

4. டார்கெட்டை ரோட்டோடு சேர்த்துப் போட வேண்டும். ஒரு நாளில் எத்தனை விசிட் என்று முடிவு செய்யும் முன், அந்தத் தூரத்தை வேக வரம்புக்குள் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

5. லேட் நைட் மீட்டிங் முடித்தவரை உடனே ஊருக்கு ஓட்டிக்கொண்டு போகச் சொல்லக் கூடாது. ரூம் வாடகை கொடுப்பது செலவு குறைவு.

6. கேப் வெண்டர் ஒப்பந்தத்தில், டிரைவரின் வேலை நேரத்தையும் ஓய்வையும் எழுதி, பதிவேட்டைக் கேட்டு வாங்க வேண்டும். “டிரைவர் வெண்டரோட ஆள்” என்பது உள்ளே உட்கார்ந்திருக்கும் ஊழியரைக் காப்பாற்றாது.

7. ‘தூக்கம் வருது, ஓட்ட முடியாது’ என்று சொன்னவருக்குச் சம்பளமோ ரேட்டிங்கோ குறையக் கூடாது. இந்த ஒன்று இல்லாவிட்டால் மற்ற ஏழும் பேப்பரில்தான் இருக்கும்.

8. சிராய்ப்போடு முடிந்த விபத்தையும், மயிரிழையில் தப்பிய சம்பவத்தையும் பதிவு செய்ய வேண்டும். யார் தப்பு என்பதோடு, அன்றைய ஷெட்யூல் என்ன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஊழியர்கள் கவனிக்க வேண்டியது

முடிக்கவே முடியாத நேரம் கொடுக்கப்பட்டால், “இந்த டைம்ல சேஃபா போக முடியாது, லேட் ஆகும்” என்று மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ பதில் போட்டுவைப்பது நல்லது. அனுப்பப்பட்ட உத்தரவையும் அழிக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்று நியாயமாக நினைத்தால், அதை முதலாளியிடமும், அதே நேரத்தில் ஆய்வாளரிடமும் தெரிவிக்க, பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு ஊழியருக்கு உரிமை தருகிறது.

விபத்து நடந்துவிட்டால், அன்று எந்த வேலைக்காகப் போனார், யார் அனுப்பினார் என்பதற்கான மெசேஜ், ரோஸ்டர், ஆப் லாக்-இன் விவரங்களைக் குடும்பத்தினர் சேகரித்துவைக்க வேண்டும். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்ற இரண்டு வழிகளிலும் கேட்க உரிமை இருந்தாலும், ஏதாவது ஒன்றில்தான் இழப்பீடு கோர முடியும் (பிரிவு 167). எது சாதகம் என்று வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது.

ஹெல்மெட் போடுவதும், சிக்னலில் நிற்பதும் ஓட்டுபவரின் பொறுப்பு. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்குச் சேர வேண்டும், நடுவில் தூங்க நேரம் உண்டா என்பதை ஓட்டுபவர் முடிவு செய்வதில்லை. அதை முடிவு செய்பவருக்கும் சட்டத்தில் பொறுப்பு இருக்கிறது. அடுத்த மாத டார்கெட்டை டைப் செய்யும்போது, அது நினைவில் இருந்தால் போதும்.